ஒட்டாத வெள்ளணுக்கள்

ஜூன் 11, 2024, செவ்வாய்

அடையாறு பாலத்தில் நெரிசல். லேபுக்குப் போகும்போது பத்தரை. வெள்ளணுக்களைச் சோதிக்கும் சிடி18 ஆன்டிபாடி வந்துவிட்டது. நாளைக்கே ஒரு குழந்தையின் ரத்தம் வருகிறதாம். நாற்பத்தோரு நாள். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை, புண்ணில் சீழும் கட்டவில்லை.

டாக்டரின் குறிப்பை இரண்டு தடவை படித்தேன்.

ஜூன் 12

குழந்தையின் அம்மா அஃப்ரா. கச்சேரி சாலைப் பக்கம் வீடு. "குளிப்பாட்டும்போது நான்தான் கொடிய ஈரமா வுட்டுட்டேன்னு மாமியார் சொல்றாங்க. அப்படியாக்கா?" என்றாள்.

ஒன்பது வருஷம் முன்னால் என் மகன் ஐம்பத்திரண்டாம் நாள் போனபோது என் மாமியாரும் இதையேதான் சொன்னார். அவனுக்கும் கொடி விழவில்லை. குழாயில் பேர் எழுதினேன்.

ஜூன் 13

வெள்ளணுக்களின் மேல் இன்டெக்ரின் என்ற புரதம் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் அவை ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, வெளியேறி, புண்ணுக்குப் போகும்; அங்கே அவைதான் சீழாகும். அது இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும், கருவியின் திரையில் ஒரு குன்று எழும்பும். குழந்தைக்கு எழும்பவே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே என்று என்னுடையதைக் கொடுத்திருந்தேன். அது பாதி உயரத்தில் நின்றது.

"ஆன்டிபாடி கம்மியா போட்டியா வேம்பு?" என்றார் மேகலா டாக்டர். அளவு சரிதான். டாக்டரின் ரத்தத்தை வைத்தோம், முழுசாக வந்தது. என்னுடையது மறுபடியும் பாதி.

பாதி இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் என் கணவர் அறிவுக்கும் பாதிதான் என்றால், இரண்டு பக்கக் குறையும் சேர்ந்து பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும் — அவர் என் சொந்த மாமா பையன்.

ஜூன் 14

இன்னா பண்ணேன் நான் என் புள்ளைக்கு? ஒண்ணும் பண்ணலையே. ஒண்ணுமே பண்ணலையே.

ஜூன் 17

அறிவு ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து எண்ணெய்ச் சட்டையோடு வந்து ரத்தம் கொடுத்தார். அவருக்கும் பாதி.

"நான் ஒரு நாளும் உன்னக் கொற சொன்னதில்லையே வேம்பு."

"மனசுல நெனச்சீங்க."

இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஜூலை 6

அஃப்ராவின் மூத்த பெண்ணுடைய எலும்பு மஜ்ஜை குழந்தைக்குப் பொருந்துகிறதாம், மாற்றி வைத்தால் பிழைத்துவிடும். அதற்குள் நிமோனியா.

ஜூலை 9

குழந்தை போய்விட்டது.

ஜூலை 21, ஞாயிறு

அஃப்ரா வீட்டுக்குப் போனேன். அறிவும் வந்தார். அவள் கணவர் கலீமுல்லா நாற்காலி எடுத்துப் போட்டார். குளிப்பாட்டியதால் வந்ததில்லை, அப்பா அம்மா இரண்டு பேர் வழியாகவும் ரத்தத்தில் வந்தது என்று அவள் மாமியாரிடம் சொன்னேன்.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"என் புள்ளையும் இதுலதான் போயிருக்கான்."

அந்தம்மா எழுந்துபோய் அஃப்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கிளம்பும்போது அஃப்ரா கேட்டாள்: "உங்க புள்ள பேரு இன்னாக்கா?"

அறிவுதான் சொன்னார்.

"நன்மாறன்."