தந்தியில் படாத வில்

1931 மாசி 6
ஒத்திகை. எங்கள் வாத்தியக் குழுவில் வாசிக்கப் பழக்கும் வாத்தியார் டி வோஸ் உட்படப் பறங்கியர் மூவர், மலையாளத்தார் இருவர், குருநகர்க் கத்தோலிக்கர் நால்வர், மிச்சம் என்னைப்போலச் சைவர். சிங்களவன் ஒருவன்தான்: குணதாசா. முதல் வயலின் அவன், பக்கத்தில் நான். தெற்கே காலி ஊரிலிருந்து வந்து என் மாமா தியாகலிங்கத்தாரின் வாத்தியக் கடையில் வேலை பார்க்கிறான். குழுவுக்குத் தலைவரும் மாமாதான்.

அடுத்த கிழமை நிகழ்ச்சிக்கு மாகாணத்தை ஆளும் வெள்ளைக்காரர், ஏசண்டர் துரை, வருகிறார். முடிவில் பிரித்தானிய அரசர் வாழ்த்தை வாசிப்பதில்லை என்று நானும் குணதாசாவும் தீர்மானித்தோம். யோசனை என்னுடையது. "எங்கடை நாட்டுக்கு ஒரு பாட்டு வரட்டும், அப்ப வாசிப்பம்" என்று பெரிதாகக் கதைத்தேன்.

மாசி 14
முடிவில் அரசர் வாழ்த்து. துரை எழும்பினார். சபை எழும்பியது. குணதாசா வில்லை மடியில் வைத்துவிட்டான். நான் — வில்லைத் தந்தியில் படாமல் மயிரிழை மேலே பிடித்து, மற்றவர்களோடு சேர்த்து இழுத்தேன். பார்த்தவர்கள் கண்ணுக்கு வாசித்தேன். என் கணக்கில் வாசிக்கவில்லை. என்ன கெட்டித்தனம்! சீ.

மாசி 15
மாமா எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். "உவனோடை வேறை ஆர் சேர்ந்தது?" குணதாசா வாய் திறக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார்.
"நான் வாசிச்சனான், மாமா."

மாசி 16
அவனைக் கடையிலிருந்தும் குழுவிலிருந்தும் நிற்பாட்டியாயிற்று. "எங்கடை ஊரிலை வந்திருந்து எங்களுக்கே கரைச்சல் தாறான் சிங்களவன்" என்கிறார் மாமா. எங்கள் ஊராம்! அவன் எந்த ஊருக்காக வில்லை வைத்தான்? என்னையே கேட்கிறேன்: ஏன்ரா நீ ஒண்டும் சொல்லேல்லை? உன்னை என்ன தூக்கிலையா போட்டிருப்பினம்?

மாசி 18
ஸ்ரேசன். அவன் பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன். "வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ, அண்ணை?" என்றான். கடிதம் போடு என்றேன்.

பங்குனி 3
காய்ச்சல் என்று சொல்லி ஒத்திகைக்குப் போகவில்லை. பொய். வீட்டில் இருந்து, வில் தந்தியில் படாதது முதல் எல்லாவற்றையும் எழுதிக் காலிக்குத் தபாலில் போட்டேன்.

பங்குனி 21
பதில் வந்தது. கதைக்கிறபடியே எழுதுகிறான். "பக்கத்திலை இருந்த எனக்கு உங்கடை வயலின் கேக்கேல்லை எண்டு தெரியாதோ, அண்ணை? மாமாவுக்குச் சொல்லாட்டிலும் எனக்காவது சொல்லுவியள் எண்டு றெயில் வெளிக்கிடுமட்டும் பாத்தன்." திட்டி ஒரு சொல் இல்லை. திட்டியிருக்கலாம்.

நேரே மாமாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.
"எனக்கு அண்டைக்கே தெரியும், மருமோன். உன்ரை வில்லு தந்தியிலை படேல்லை எண்டு வாத்தியார் டி வோஸ் சொன்னவர். நீ எங்கடை ஆள், உன்னை நான் விட்டுக் குடுப்பனோ? நாளைக்கு வந்து முதல் வயலினிலை இரு."
ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.