மாறிப்போன சட்டை

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் என்னைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கலங்கரை விளக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே ஈ காக்கை இல்லை.

"உள்ள ஆளுங்க கிடையாதும்மா," என்றார் காவல்காரர். "கடலுக்குப் போயித் திரும்பாதவங்க துணிமணிதான். அதைப் புதைச்சாத்தான் அவங்க அலையாம இருப்பாங்களாம்."

உடனே உங்கள் அண்ணன் பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்தார். குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா வாசலையே பாத்துட்டிருப்ப?" என்று அழுதார். பாவம், நல்ல மனுஷன்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்த சட்டை அல்லவா? உங்கள் சட்டையின் கிழிந்த பாக்கெட்டில் நான் போட்ட தையல் அதில் இல்லை. கொடியில் காய்ந்ததைப் பார்க்காமல் தன்னுடையதையே எடுத்து வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது. தெரிந்தே ஒரு பிடி மண்ணும் போட்டேன்.

உங்களுடையதைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினாலும் லேசாக ஆடுகிறது.

அன்றிலிருந்து அண்ணன் இரண்டு போர்வை போர்த்தியும் குளிருது, குளிருது என்கிறார். தலையணையெல்லாம் ஈர மணலாக இருக்கிறதென்று உங்கள் அண்ணி உதறி உதறிப் போடுகிறாள்.

போய்த் தோண்டி எடுத்துவிடலாம். எடுத்தால், பதிலுக்கு உங்களுடையதைக் கேட்பார்கள்.

வழக்கம்போல இந்தக் கடிதத்தையும் உங்கள் சட்டைப் பாக்கெட்டில்தான் வைக்கிறேன். இந்த ஒரு தடவையாவது சீக்கிரம் வாருங்கள். அண்ணன் தாங்க மாட்டார்.

உங்கள் வீட்டுக்காரி