வள்ளியின் குரல் உள்ள பதிவு

என் செல்ல வள்ளிக்கு,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் போக எனக்குத் தெம்பில்லை. போன வாரம்தான் போனேன். சுரங்கத்து மண்மேடு இப்போது உங்கள் முருங்கை மரத்துக்குப் பின்னாலேயே தெரிகிறது. இயந்திரச் சத்தத்திலேயே குழந்தைகள் தூங்கப் பழகிவிட்டார்களாம். நீ இருந்தால் இதற்குச் சிரிப்பாயா, சண்டைக்குப் போவாயா?

நான் மொழியியல் படிக்கப் போனபோது எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் எல்லோரும் கேலி செய்தார்கள். நீதான், "எங்க இருளர் பேச்ச எழுதி வையிக்கா, எங்க ஆளுங்களே மறந்துகினு வராங்க" என்றாய். கம்மாபுரம் பக்கத்தில் உங்கள் வீடுகளுக்கு அழைத்துப்போய் எல்லோரையும் பேசவைத்தாய்.

பதிவு செய்யும்போது முதலில் பெயர், பிறந்த ஊர், குடும்பம் எப்போது இங்கே வந்தது என்று கேட்பது எங்கள் வழக்கம். உன் அப்பா என்னிடம் கூச்சப்பட்டதால் கேள்விகளை நீயே கேட்டாய். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்ததையும், முந்திரித் தோப்புக்காரர் தன் இடத்தில் குடிசை போடச் சொன்னதையும் அவர் உங்கள் மொழியில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வாயெல்லாம் பல்.

இப்போது சுரங்கத்துக்காக அந்த நிலத்தை எடுக்கப்போகிறார்கள். மாற்றிடம் குடியிருப்பவர்களுக்கா, தோப்புக்காரருக்கா என்று வழக்கு. அவருடைய மருமகன் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். சுரங்கத்தில் என் அப்பாவின் ஷிப்ட் நேரத்தை, நாங்கள் சொல்லாமலேயே, அவராகவே சொன்னார். பிறகு, உன் அப்பா பேசிய பதிவில் ஒரு பிரதி வேண்டும் என்றார். அது தோப்புக்காரர் இடம் என்று உன் அப்பா வாயாலேயே சொன்னது கோர்ட்டுக்குப் போனால் உங்களுக்கு மாற்றிடம் கிடைக்காது. தரமுடியாது என்றேன். மனிதர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அப்பாவிடம் ஓடினேன். அழித்துவிடலாம், ஆனால் வள்ளி குரல் இருப்பது அந்த ஒன்றில்தான் என்றேன். உன் கேள்விகளை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்றும் கெஞ்சினேன்.

"கேள்வி இருந்தா பதிலு எங்கன்னு தேடுவாங்கம்மா. எம்பொண்ணு போயிட்டா. இருக்கறவங்களுக்கு வூடு வேணும். முழுசா அழிச்சுடு."

என்னிடம் இருந்ததை அங்கேயே, அவர் முன்னாலேயே அழித்தேன். அழுதேன். அவர் அழவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. பேசியவரே வந்து கேட்டால் அழித்துவிடுவார்கள். அதனால் நாளை முதல் பஸ்ஸில் உன் அப்பாவும் நானும் கிளம்புகிறோம். சாயங்காலம் கூடப் படிக்கிற தோழி போன் செய்தாள். அந்த மருமகன் எங்கள் துறைக்கு வந்து காத்திருந்தாராம். காலையில் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

நாங்கள் முந்துவோமா? தெரியவில்லை, வள்ளி. முந்திவிட்டால், கடைசியாக ஒரு தடவை உன் குரலைக் கேட்கிறேன் என்று உட்கார மாட்டேன். கேட்டால் அழிக்க எனக்கு மனசு வராது. கேட்காமலேயே அழித்துவிடுகிறேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன்கூடப் பிறக்காத அக்கா,
மலர்விழி