முடிச்சில்லாத பொத்தான்கள்

அம்மாடி, சாப்பாடு மேடையில மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு. வாண்டுக்குப் பாலும் காய்ச்சியாச்சு. சாவி பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட இருக்கு. நான் உன் சித்தி வீட்டுக்குப் போறேன், தேடாத.

நேத்து வாண்டு வாயில விரல விட்டு அந்தப் பொத்தான நீ எடுத்தப்ப எனக்கு உயிரே போயிடுச்சு. "இனிமே புள்ளைக்கு நீ ஒண்ணும் தைக்காதம்மா"ன்னு கத்துன. நானும் சும்மா இருந்தேனா? "நாப்பது வருஷம் தையல் கடையில இருந்தவடி நான், நூல்தான் மட்டம்"னு பதிலுக்குக் கத்திட்டேன்.

காலையில நீங்க டாக்டர்கிட்ட கிளம்பினதும் வாண்டு வெளையாட நான் தச்சுக் குடுத்த அந்தத் துணிப் புத்தகத்தப் பிரிச்சுப் பாத்தேன். நூல் நல்ல நூல்தான். மரத்துல பழமா தச்ச பொத்தான்ல மிச்சம் ஆறு இருக்கே, ஒண்ணுலயும் பின்னால முடிச்சு இல்லடி. கடைக்குப் புதுசா வர்ற பொண்ணுங்கள முடிச்சுக்காகவே திட்டித் தீர்த்தவ நான். ஒவ்வொண்ணுக்கும் முடிச்சு போட்டது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா போடல. இன்னும் என்னென்னத்தப் போட்டதா நெனச்சுக்கிட்டு இருக்கேனோ.

ஆறையும் வெட்டி எடுத்துட்டேன். ஜிப்பு வச்ச பக்கம், லேஸ் கோக்குற பக்கம், அதையும் குடுக்காத. புத்தகத்தக் குப்பையில போட எனக்குக் கை வரல, நீயே போட்டுடு. வாண்டக் குளிப்பாட்ட வேற ஆள் பாரு. என்கிட்ட இனி விடாத.

அம்மா

இத எழுத மறந்துட்டேன். கேஸ் அடுப்ப மூணு தடவ பாத்துட்டேன், மூடிதான் இருக்கு. ஆனா நான் சொல்றேன்னு நம்பாத. வந்ததும் முதல்ல அதப் பாரு.