பத்து மணிக்குள்ள ஒரு கையெழுத்து

சுடர் அப்பாவுக்கு,

பழைய சோறு அடுப்படியில இருக்கு, பக்கத்துலயே மோர்மிளகா. நான் பாபநாசம் அக்கா வீட்டுக்குக் கிளம்புறேன். நீங்க வயலுக்குத் தண்ணி கட்டிட்டு வர்ற வரைக்கும் காத்திருந்தா பஸ் போயிடும்.

நேத்து சுடர் கருப்பைவாய்ப் புத்துநோய் தடுப்பூசி ஃபாரத்த நீட்டுனதும், தட்டுலயே கையக் கழுவிட்டு எழுந்து போனீங்களே, புள்ள மொகம் சுருங்கிப்போச்சு. உடலுறவால பரவுற கிருமியாலதான் அந்த நோய் வருதுன்னு டீச்சர் சொல்லிக்குடுத்தத அப்படியே சொன்னா. அது தப்பா? "எட்டாவது படிக்கிற புள்ளைக்கு இது எதுக்கு?"ன்னு கத்துனீங்க. முந்தாநேத்து விதைநெல்லுக்கு மருந்து கலந்தீங்களே, அதுக்கு நோய் வந்தா இருந்துச்சு? வர்றதுக்கு முன்னாடி கலந்தாத்தான் புடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க.

ஃபாரம் பிரிட்ஜ் மேல, உங்க கண்ணாடிக்கூட்டுக்கு அடியில. பத்து மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு ஸ்கூல்ல குடுத்துடுங்க. நானே போட்டிருப்பேன். நீங்க போட்டாத்தான் அவ மறுபடி உங்க மொகத்தப் பாத்துப் பேசுவா. வீட்டுச் சாவியையும் அவ கையில குடுத்துடுங்க, நான் வர சாயங்காலம் ஆகும்.

மலர்க்கொடி

கோவம் போகலன்னாலும் சாப்பிடுங்க.

இன்னொண்ணு. அக்கா வீட்டுக்குன்னு எழுதினது பொய். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். நாலு மாசமா தேதியில்லாம ரத்தம் படுது. உங்ககிட்ட சொல்ல வாய் வரல. நேத்து நீங்க எழுந்து போனப்புறம் சுடர் கேட்டா, "அம்மா, நீ இந்த நோய்க்கு டெஸ்ட் எடுத்திருக்கியா?"ன்னு.

இந்த வீட்டுல என்னை யாரும் அப்படிக் கேட்டதேயில்ல.