திரையவேளின் அலைப்பொறிகளும் வடகரை மணலும்

எண்திசையும் கலம் செலுத்தும் வெண்சங்க நாட்டுப் பேரரசி இமையவல்லி, தென்துறை காக்கும் தம் இளவல் திரையவேளுக்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் காற்று இதமாகவும், வலைகள் கனமாகவும், உமது முழங்கால் வலி குறைவாகவும் இருப்பதாக.

கடலலையால் சக்கரம் சுழற்றி மின்னொளி எடுக்கும் பொறிகளை நீர் நிறுவியது கேட்டுப் பெருமிதம் கொண்டு, அவ்வொளி காண நாமே கலமேறி வந்தோம். முரசுகள் முழங்க, நீர் மாலையோடு காத்து நிற்க, எம் கலம் துறைக்கு எதிரே மணல்திட்டில் ஏறி நின்றது. பேரரசி பட்டுடை நனைய இடுப்பளவு நீரில் நடந்து கரையேறிய காட்சியை உமது அவைப்புலவர் பாடாது விட்டது அவருடைய நல்வினை. மாலுமி கள்ளுண்டிருந்தான் என்று நீர் உரைத்தீர். அவன் மோர் தவிர வேறொன்றும் அருந்தாதவன்.

புதிதாய் முளைத்த அத்திட்டின் காரணம் அறிய வடக்கே சென்றோம். அங்கே பரதவர் தலைவி சேந்தியின் வாசல்வரை கடல் அரித்திருந்தது. கட்டுமரம் ஏற்றக் கரையில்லை. முட்டையிட வந்த ஆமைகள் இடமின்றித் திரும்பியிருந்தன. உம் பொறிகள் நெருங்கி நின்று அலையின் வலுவைக் குடித்துவிட, வடகரைக்குப் போகவேண்டிய மணல் வழியிலேயே தங்கிவிட்டது. “எங்களுக்கு வரவேண்டிய மணலு மேலதாம்மா ஒங்க கப்பலு ஏறி நின்னுச்சு” என்று சேந்தி சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆயினும், பொறிகளைத் தாங்கும் தூண்களின் அடியில் மீன் அடைவதாகவும், விளக்கு வந்தபின் பிள்ளைப்பேறு பார்ப்பது எளிதானதாகவும் கூறி, பொறிகளைப் பிடுங்க வேண்டாம் என்றே வேண்டினாள்.

எனவே சிலகாலம் அவற்றை நிறுத்திப் பார்த்தோம். ஆடலரங்கு இருண்டதென்றும், இருளில் பூனையை மிதித்தீர் என்றும் நீர் ஓலைமேல் ஓலை விடுத்தீர். அவற்றைச் சேந்தியோடு சேர்ந்து படித்து மகிழ்ந்தோம். அதற்குள் வடகரையில் மணல் படியத் தொடங்கியது. ஒரு விடியலில் ஆமையொன்று கரையேறி எம்மை நோக்கி வந்தது. பேரரசி என்று அது அறியாமையால், நாமே விலகி வழிவிட்டோம்.

ஆதலின் ஆணை: பொறிகளை ஆழ்நீருக்கு அகற்றி, அலை புகுமாறு இடைவெளிவிட்டு நிறுவுக. ஆமை வரும் பருவத்தில் அவை ஓய்க. அப்பணி முடியும்வரை நீர் சேந்தியின் குடிலில் தங்குக. அவளுக்கு உம்மீது சினமில்லை. இளவலே, அதைத் தாங்குவதுதான் உமக்குக் கடினம்.

எம் சங்கு இலச்சினை பதிந்தது. ஓலை கைக்கொண்ட அன்றே புறப்படுக.