சரசு அக்கா இல்லாத சாட்சி

செவ்வாய், இரவு

நாளை மறுநாள் குடும்பமாக இலங்கைக்கு ஊழியத்துக்குப் போகிறோம். தேயிலைத் தோட்டச் சபைகளில் என் மகள் ஜெனி சாட்சி சொல்ல வேண்டும். போன வருடம் அவளுக்கு வந்த விஷக்காய்ச்சலைக் கர்த்தர் குணமாக்கினார் என்று. மாலையில் அவள் அப்பா பழக்கினார்.

"மனுஷ உதவி ஒண்ணும் இல்ல, ஜெபம் மட்டும்தான்னு சொல்லு."

"சரசு மாமி ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில கூட இருந்தாவல்லா, அப்பா?"

"அதச் சொன்னா சாட்சிக்குப் பெலன் இருக்காது, மக்கா."

நானும் தலையாட்டினேன். திரும்பினால், பக்கத்து வீட்டுச் சரசு அக்கா வாசலில் நிற்கிறாள், கையில் ஒரு பாட்டிலோடு.

"சுக்கும் மிளகும் பொடிச்சதாக்கும். மலையில குளிரு உண்டு. பிள்ளைக்குச் சட்டுன்னு காய்ச்சல் வரும்லா."

எப்போதும் நேரே அடுக்களைக்கு வருகிறவள் இன்று படி ஏறவில்லை. நாங்கள் ஊரில் இல்லாதபோது கோழிக்குத் தீனி வைக்க வீட்டு மாற்றுச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. படுக்கப் போகும்போது ஜெனி கேட்டது காதிலேயே நிற்கிறது.

"சாட்சி சொன்ன பொறவு எனக்குக் காய்ச்சல் வந்தா, இந்தப் பொடிய ஒளிச்சு வச்சுத்தான் தின்னணுமா, அம்மா?"